மூச்சு இழுக்கும்போது நெஞ்சில் திடீர்க் குத்தல்: ‘மூச்சுப் பிடிப்பு’ என்று முடிவுகட்டும் முன் செய்ய வேண்டியவை

கொழிஞ்சாம்பாறை, வேலந்தாவளம், கோபாலபுரம், மீனாட்சிபுரம் எனப் பாலக்காட்டு எல்லையில் வாழும் தமிழ்க் குடும்பங்களில், மூச்சை இழுத்தால் நெஞ்சோ விலாவோ குத்துகிறது என்று ஒருவர் சொன்னால் உடனே கிடைக்கும் பெயர் ‘மூச்சுப் பிடிப்பு’. பெயர் கிடைத்ததும் வைத்தியமும் கிடைத்துவிடுகிறது: எண்ணெய் தடவி நீவிவிடுதல், வெந்நீர் ஒத்தடம், ஒரு சோடா, பெருங்காயம் கரைத்த மோர். பல வேளைகளில் அதுவே போதுமானதாக இருக்கும். விலா எலும்புகளுக்கு இடையிலுள்ள தசைகள் பிடித்துக்கொள்வது உண்மையிலேயே அடிக்கடி நடப்பதுதான். ஆனால் நுரையீரல் குழாயில் அடைத்த இரத்தக் கட்டியும், நெஞ்சுக்கூட்டுக்குள் கசிந்த காற்றும், நிமோனியாவும், கல்லீரலில் உருவான சீழ்க்கட்டியும்கூட முதல் சில மணி நேரத்தில் இதே பெயரோடுதான் வந்து நிற்கின்றன.

செவிலியராகப் பணியாற்றிய எனக்கே இது ஒருமுறை பிடிபடாமல் போனது. தென்னந்தோப்பில் வழுக்கி விழுந்து முழங்காலுக்குக் கீழே எலும்பு முறிந்த என் பெரியப்பா, மாவுக்கட்டுடன் மூன்று வாரம் கட்டிலில் கிடந்தார். ஒருநாள் விடியற்காலையில் மூச்சை இழுத்தால் வலது விலா குத்துகிறது என்றார். படுத்தே கிடந்ததால் வந்த பிடிப்பு என்று வீட்டில் எல்லோரும் எண்ணினார்கள். நானும் தொலைபேசியில் வலியைப் பற்றி மட்டுமே கேட்டேன், காலைப் பற்றிக் கேட்கவில்லை. மாலையில் எழுந்து உட்கார முயன்றவர் மயங்கிச் சரிந்த பிறகே கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனோம். காலின் ஆழ்நாளத்தில் உறைந்த இரத்தம் பிரிந்து நுரையீரலுக்குப் போய் அடைத்திருந்தது. அவர் பிழைத்துவிட்டார். ஆனால் காலையில் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி ஒன்றே ஒன்றுதான். அத்தகைய கேள்விகளை எந்த வரிசையில் கேட்பது, பதிலைக் கொண்டு என்ன செய்வது என்பதை, மருத்துவர் நோயாளியைப் பார்க்கும் வரையிலான நேரத்துக்காக இங்கே எழுதுகிறேன்.

முதல் படி: ஒரு நிமிடத்தில் ஆபத்தைக் கண்டறிதல்

வலியின் தன்மையை ஆராய்வதற்கு முன்பாக, அவரால் ஒரு முழு வாக்கியத்தை இடையில் மூச்சு வாங்காமல் சொல்ல முடிகிறதா என்று பாருங்கள். இரண்டு மூன்று சொற்களுக்கு ஒருமுறை நிற்கிறார் என்றால் வேறெந்தச் சோதனையும் தேவையில்லை. உடனே 108-ஐ அழையுங்கள். உதடோ நகமோ நீலம் பாரித்தல், உடல் சில்லிட்டு வியர்த்தல், மயக்கம், பேச்சில் குழப்பம், இருமும்போது இரத்தம், நெஞ்சை அழுத்தி இடது கைக்கோ தாடைக்கோ பரவும் வலி, முதுகைக் கிழிப்பதுபோலத் திடீரெனத் தொடங்கிய கடும் வலி, மரத்திலிருந்தோ வண்டியிலிருந்தோ விழுந்த பின் வந்த மூச்சுத் திணறல் ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அதே முடிவுதான்.

இவை எதுவும் இல்லையெனில், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு ஒரு முழு நிமிடம் அவருடைய மூச்சுகளை எண்ணுங்கள். எண்ணுகிறீர்கள் என்று அவருக்குத் தெரிந்தால் மூச்சின் வேகம் மாறிவிடும் என்பதால், நாடி பார்ப்பதுபோல மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நெஞ்சைக் கவனியுங்கள். ஓய்வாக இருக்கும் பெரியவர்களுக்கு நிமிடத்துக்கு 12 முதல் 20 வரை இருப்பது இயல்பு. 20-ஐத் தாண்டினால் அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும், 30-ஐத் தொட்டால் அவசரம். நாடி 100-க்கு மேல் நின்றுகொண்டிருப்பதும் கவனிக்க வேண்டியதே, 120-ஐத் தாண்டினால் காத்திருக்கக் கூடாது.

கொரோனாக் காலத்தில் வாங்கிய ஆக்சிஜன் அளவி பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. விரலில் மருதாணியோ நகப்பூச்சோ இல்லாமல், கை குளிர்ந்திருந்தால் தேய்த்துச் சூடாக்கிய பின், எண் நிலையாக நிற்கும்வரை பொறுத்துப் பாருங்கள். நாள்பட்ட நுரையீரல் நோய் இல்லாதவருக்கு 94-க்குக் கீழே இருந்தால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 92-க்குக் கீழே என்றால் ஆம்புலன்ஸ் வேண்டும். கருத்த தோலில் இக்கருவி உண்மை அளவைவிடச் சற்றுக் கூடுதலாகக் காட்டக்கூடும் என்பதை நம்மைப் போன்றவர்கள் நினைவில் வைத்திருக்க வேண்டும். எண் நன்றாக இருக்கிறது என்ற ஒரே காரணத்தால் திணறுகிற மனிதரை வீட்டில் வைத்திருக்காதீர்கள்.

இரண்டாம் படி: அழைப்பும் காத்திருப்பும்

108 என்ற எண் தமிழ்நாட்டுக்கும் கேரளத்துக்கும் பொதுவானது. ஆனால் எல்லையில் உங்கள் கைப்பேசி எந்த மாநிலக் கோபுரத்தோடு இணைந்திருக்கிறதோ, அந்த மாநிலக் கட்டுப்பாட்டு அறைக்கு அழைப்பு போய்விடலாம். ஆகவே முதல் வாக்கியத்திலேயே மாநிலம், மாவட்டம், ஊர், அருகிலுள்ள சோதனைச் சாவடி அல்லது கோவில் ஆகியவற்றைச் சொல்லிவிடுங்கள். நோயைப் பற்றி அதன் பிறகு சொல்லலாம்.

வண்டி வரும்வரை அவரைப் படுக்க வற்புறுத்தாதீர்கள். முதுகுக்குத் தலையணைகள் கொடுத்துச் சாய்ந்து உட்கார வைப்பதே பெரும்பாலோருக்கு எளிது. எந்த நிலையில் மூச்சு சுலபமாக வருகிறதோ அந்த நிலையை அவரே தேர்ந்துகொள்ளட்டும். நடக்கவோ மாடிப்படி இறங்கவோ விடாதீர்கள். காலை நீவிவிடக் கூடாது. கெண்டைக்காலில் இரத்தக் கட்டி இருந்தால், நீவுவதே அதைப் பெயர்த்து மேலே அனுப்பிவிடலாம். மாரடைப்புக்கு ஆஸ்பிரின் கொடுப்பது வழக்கம் என்று கேள்விப்பட்டு நீங்களாகவே கொடுக்க வேண்டாம். மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய இரத்தக் குழாய்) கிழிந்திருந்தாலோ வயிற்றுப்புண்ணிலிருந்து இரத்தக் கசிவு இருந்தாலோ அதுவே கேடாகும். 108-இல் பேசுபவரிடம் கேளுங்கள், கொடுக்கச் சொன்னால் கொடுங்கள்.

மூன்றாம் படி: வலி எங்கிருந்து பிறக்கிறது என்பதை அறிதல்

நுரையீரலுக்கு வலியை உணரும் நரம்புகள் இல்லை. அதைச் சுற்றி இரண்டு மெல்லிய படலங்கள் இருக்கின்றன; உட்படலம் நுரையீரலோடு ஒட்டியிருக்கும், வெளிப்படலம் விலாக்கூட்டின் உட்புறத்தில் ஒட்டியிருக்கும். வலியை உணர்வது இந்த வெளிப்படலம் மட்டுமே. மூச்சை இழுக்கும்போது இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று வழுக்கிச் செல்ல வேண்டும். அழற்சியால் அவை சொரசொரப்பாகிவிட்டால் ஒவ்வொரு மூச்சும் கத்தியால் குத்துவதுபோல இருக்கும். தும்மல், இருமல், சிரிப்பு எல்லாமே அந்தக் குத்தலை எழுப்பும்.

நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்தின் நடுப்பகுதிக்கு நரம்பு கழுத்திலிருந்து இறங்கி வருகிறது. அதனால் அங்கே ஏற்படும் உறுத்தலை மூளை தோள்பட்டை வலியாகப் படித்துவிடுகிறது. காய்ச்சலோடு வலது தோள்பட்டை வலிக்கிறது என்பவருக்கு, தோளில் தைலம் தேய்ப்பதற்கு முன் வயிற்றின் வலது மேற்பகுதியைப் பார்க்க வேண்டியிருப்பது இதனால்தான்.

நான்காம் படி: கேட்க வேண்டிய கேள்விகள்

முதலில், ஒரு விரலால் வலிக்கும் இடத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். மார்பெலும்பின் ஓரத்தில் ஒரு புள்ளியைக் காட்டி, அங்கே அழுத்தினால் அதே வலி வருகிறது என்றால், விலாக் குருத்தெலும்பின் அழற்சியாக இருக்க வாய்ப்பு அதிகம். நெல் மூட்டை தூக்கியது, வரப்பில் மண்வெட்டி போட்டது, பல நாள் இருமியது என ஏதேனும் காரணம் கிடைக்கும். இருப்பினும் அழுத்தினால் வலிக்கிறது என்பதை மட்டும் வைத்து இதயத்தை விலக்கிவிட முடியாது. மாரடைப்பு வந்தவர்களில் சிறு பகுதியினருக்கு மூச்சோடு கூடுகிற, அழுத்தினால் வலிக்கிற வலி இருப்பதுண்டு. நீரிழிவு உள்ளவர்கள், பெண்கள், முதியவர்கள் விஷயத்தில் கூடுதல் எச்சரிக்கை வேண்டும்.

இரண்டாவதாக, வலி தொடங்கிய நொடியை அவரால் சொல்ல முடிகிறதா என்று கேளுங்கள். ‘பல் தேய்த்துக்கொண்டிருந்தேன், சட்டென்று பிடித்தது’ என்பதுபோலத் துல்லியமாகச் சொன்னால், நெஞ்சுக்கூட்டில் காற்றுக் கசிவையும் நுரையீரல் இரத்தக் கட்டியையும் நினைக்க வேண்டும். காற்றுக் கசிவு பெரும்பாலும் உயரமான, ஒல்லியான, குறிப்பாகப் புகைபிடிக்கும் இளைஞர்களுக்கு எந்த அடியும் படாமலேயே வரும். நாள்பட்ட நுரையீரல் நோயுள்ள முதியவர்களுக்கும் வரும். ஒரு பக்கம் மட்டும் குத்தும், அந்தப் பக்க நெஞ்சு மூச்சுக்கு ஏற்ப அசைவது குறையும். கசிந்த காற்றின் அழுத்தம் கூடிக்கொண்டே போனால் சில நிமிடங்களில் இரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகும்.

அடுத்துக் காலைப் பாருங்கள். இரண்டு கெண்டைக்கால்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிடுங்கள். ஒன்று மட்டும் வீங்கி, சூடாக, தொட்டால் வலிப்பதாக இருந்தால் அதுவே பெரிய சான்று. அண்மையில் அறுவை சிகிச்சை நடந்ததா, மாவுக்கட்டு போட்டிருந்தாரா, பிரசவமாகி ஆறு வாரத்துக்குள் இருக்கிறாரா, கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறாரா, புற்றுநோய் உண்டா, நான்கு மணி நேரத்துக்கு மேல் அசையாமல் உட்கார்ந்து பயணம் செய்தாரா, முன்பு எப்போதேனும் இரத்தம் உறைந்ததா என்று கேளுங்கள். பிரசவித்த பெண்களை நாற்பது நாள் அறையைவிட்டு அசையவிடாமல் வைத்திருக்கும் வீடுகள் இன்னும் உண்டு. தாய்க்கு ஓய்வு தேவைதான், ஆனால் அவர் எழுந்து நடமாடுவது அதே அளவுக்குத் தேவை. பச்சை உடம்புக்காரிக்கு மூச்சு இழுத்தால் குத்துகிறது என்றால், அதை வாயு என்று ஒதுக்குவதற்கு எவருக்கும் உரிமையில்லை.

காய்ச்சல் இருக்கிறதா என்பது அடுத்தது. குளிர் நடுக்கம், சளியோடு இருமல், துருநிறச் சளி ஆகியவை நிமோனியாவைக் காட்டும். முதியவர்களுக்குக் காய்ச்சலே இல்லாமல் சோர்வும் குழப்பமும் மட்டுமே தெரியலாம். வாரக்கணக்கில் மாலைக் காய்ச்சல், எடை குறைவு, ஒரு பக்கக் குத்தல் என்றால் காசநோயால் நுரையீரல் உறையில் நீர் சேர்வதாக இருக்கலாம். இதில் ஏமாற்றும் இடம் ஒன்று உண்டு: நீர் சேரச் சேர இரண்டு படலங்களும் விலகி உராய்வு நின்றுவிடுவதால், குத்தல் குறைந்து நோயாளி தேறிவிட்டதாக எண்ணுவார், அதே நாள்களில் மூச்சிரைப்பு கூடிக்கொண்டிருக்கும். வலி குறைந்து மூச்சு வாங்குவது அதிகமானால், நோய் முற்றுகிறது என்று பொருள்.

பாலக்காட்டின் சித்தூர் வட்டாரம் கள் இறக்கும் நாடு என்பதால் வேறொன்றையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அமீபாவால் கல்லீரலில் சீழ்க்கட்டி உண்டாவது மது அருந்தும் நடுவயது ஆண்களிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. கள்ளுக்கும் இந்நோய்க்கும் உள்ள தொடர்பைத் தென்னிந்திய மருத்துவர்கள் நெடுங்காலமாகக் கவனித்து வருகிறார்கள். குளிர்காய்ச்சல், வலது கீழ்விலாவில் வலி, ஆழ மூச்சிழுத்தால் வலது தோள்வரை ஏறும் குத்தல் என்று அது வரும். நெஞ்சுப் படம் ஏறக்குறைய இயல்பாக இருந்தாலும், வயிற்று ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். குடிப்பழக்கத்தை மருத்துவரிடம் மறைப்பதால் நாள்கள் வீணாகின்றன. வீட்டார் முன்னிலையில் சொல்லக் கூச்சப்படுபவருக்கு மருத்துவரோடு தனியே பேச இடம் கொடுங்கள்.

மரம் ஏறும் தொழிலாளர்கள் விழுந்தபின் ‘ஒன்றும் ஆகவில்லை’ என்று எழுந்து போய்விடுவதை நான் பலமுறை கண்டிருக்கிறேன். முறிந்த விலா எலும்பின் முனை நுரையீரலைக் குத்திக் காற்றோ இரத்தமோ கசியத் தொடங்குவது அன்றிரவோ மறுநாளோ தெரியவரலாம். விழுந்த அன்றே படம் எடுத்திருந்தாலும், மூச்சு வாங்கினால் மீண்டும் எடுக்க வேண்டும்.

அட்டப்பாடிக்கு ஒரு தனிக் கேள்வி இருக்கிறது. ஆனைகட்டிக்கு இரு பக்கமும் வாழும் பழங்குடி மக்களிடையே அரிவாள் செல் இரத்தசோகை உள்ளவர்கள் இருக்கிறார்கள். அந்நோய் உள்ளவருக்குக் காய்ச்சலோடு நெஞ்சு குத்தினால், வளைந்து விறைத்த சிவப்பணுக்கள் நுரையீரலின் நுண்குழாய்களை அடைப்பது காரணமாக இருக்கலாம். அது சில மணி நேரத்தில் மோசமாகும், மருத்துவமனையில் ஆக்சிஜனும் சில வேளைகளில் இரத்தமும் ஏற்ற வேண்டியிருக்கும். நோய்க்கான அட்டை இருந்தால் கையோடு எடுத்துச் செல்லுங்கள், போனதும் முதலில் அதைக் காட்டுங்கள். கோட்டத்தரையில் பழங்குடியினருக்கான அரசு சிறப்பு மருத்துவமனை இருக்கிறது.

உடல் நிலையை மாற்றினால் வலி மாறுகிறதா என்றும் பாருங்கள். மல்லாந்து படுத்தால் கூடி, முன்னால் குனிந்து உட்கார்ந்தால் குறையும் வலி, இதய உறையின் அழற்சிக்கு உரியது. வைரஸ் காய்ச்சலுக்குப் பின்பும், காசநோயிலும், சிறுநீரகம் செயலிழந்தவர்களுக்கும் அது வரும்.

தோலைப் பார்க்க மறக்க வேண்டாம். ஒரு பக்க விலாவோரமாகப் பட்டையாக எரிச்சலும் குத்தலும் வந்து, சில நாள் கழித்து நீர்க்கொப்புளங்கள் தோன்றினால் அது அக்கி. காவியால் அக்கி எழுதிக்கொள்வது நம் பக்கத்து வழக்கம். எழுதுவோர் எழுதிக்கொள்ளட்டும், ஆனால் கொப்புளம் தோன்றிய 72 மணி நேரத்துக்குள் மருந்து தொடங்கினால்தான் முழுப் பயன் கிடைக்கும் என்பதால், மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போடாதீர்கள்.

பள்ளிப் பிள்ளைகளுக்கும் இளைஞர்களுக்கும் சும்மா உட்கார்ந்திருக்கும்போது இடது மார்பருகே ஊசி குத்தியதுபோலச் சுருக்கென்று வந்து, சில நொடிகளிலோ மூன்று நிமிடத்துக்குள்ளோ தடயமின்றி மறையும் வலி ஒன்று உண்டு, அது தீங்கற்றது. பதற்றத்தால் வேகமாக மூச்சு வாங்கி, விரலும் உதடும் மரத்து, நெஞ்சு இறுகுவதும் உண்மையான துன்பமே. ஆனால் முதன்முறை வரும்போது மற்றவற்றை விலக்கிய பின்னரே ‘பதற்றம்’ என்ற பெயரைச் சூட்ட வேண்டும். காகிதப் பையில் மூச்சுவிடச் சொல்வது ஆபத்தானது, செய்ய வேண்டாம்.

ஐந்தாம் படி: எங்கே போவது, எப்படிச் சொல்வது

ஆபத்து அறிகுறி இருந்தால், காப்பீட்டு அட்டை எந்த மாநிலத்துடையது என்று யோசிக்காமல், ஆக்சிஜனும் இசிஜியும் உள்ள மிக அருகிலுள்ள மருத்துவமனைக்குப் போங்கள். சித்தூர் தாலுகா மருத்துவமனை, பாலக்காடு மாவட்ட மருத்துவமனை, பொள்ளாச்சி அரசு மருத்துவமனை, கோயம்புத்தூர் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை ஆகியவற்றில் உங்கள் ஊருக்கு எது அருகில் என்பதை இன்றே பேசி வைத்துக்கொள்ளுங்கள். நள்ளிரவில் கட்டிலைச் சுற்றி நின்று விவாதிப்பதற்கான பொருள் அல்ல இது.

தமிழ்நாட்டுப் பக்கத்திலிருந்து வந்த உறவினர் பாலக்காட்டில் துணைக்கு நிற்கும்போது, சொற்களில் கவனம் வேண்டும். மலையாளத்தில் ‘பனி’ என்றால் காய்ச்சல், ‘சும’ என்றால் இருமல், ‘சுவாசம் முட்டல்’ என்றால் மூச்சுத் திணறல். ‘பனி உண்டோ?’ என்று கேட்ட செவிலியரிடம், மார்கழிப் பனியைக் கேட்கிறார் என்று எண்ணி ‘இல்லை’ என்று பதில் சொன்ன ஒரு பாட்டியின் குறிப்பேட்டில் காய்ச்சல் இல்லை என்றே எழுதப்பட்டதை நான் பார்த்திருக்கிறேன். நெற்றியைத் தொட்ட பிறகுதான் திருத்தினார்கள். ‘பிடிச்சுக்கிச்சு’ என்று மட்டும் சொல்லாமல், எப்போது தொடங்கியது, எந்தப் பக்கம், மூச்சிழுத்தால் கூடுகிறதா, என்னென்ன மாத்திரைகள் சாப்பிடுகிறார் என்ற நான்கையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

ஆறாம் படி: சோதனைகளைப் புரிந்துகொள்ளுதல்

நெஞ்சுவலி என்றதும் இசிஜி எடுப்பார்கள். பத்து நிமிடத்துக்குள் எடுக்கப்பட வேண்டியது அது. இசிஜி இயல்பாக இருக்கிறது என்பதற்கு அந்த நேரத்தில் மாரடைப்பின் தடயம் தெரியவில்லை என்பதே பொருள். நுரையீரலைப் பற்றி அது உறுதி எதையும் தருவதில்லை, மாரடைப்புக்கும் சில வேளைகளில் மறுபடி எடுக்க வேண்டியிருக்கும். நெஞ்சு எக்ஸ்ரே நிமோனியா, காற்றுக் கசிவு, நீர்த்தேக்கம் ஆகியவற்றைக் காட்டும்; ஆனால் இரத்தக் கட்டி அடைத்தவருக்கு எக்ஸ்ரே பெரும்பாலும் இயல்பாகவோ இயல்பை ஒட்டியோ இருக்கும். மூச்சு வாங்குகிறது, எக்ஸ்ரேயோ தெளிவாக இருக்கிறது என்ற முரண்பாடே மருத்துவரின் சந்தேகத்தைக் கூட்ட வேண்டும். டி-டைமர் என்ற இரத்தச் சோதனை, வாய்ப்புக் குறைவாக உள்ளவர்களிடம் கட்டி இல்லை என்று உறுதிசெய்யப் பயன்படும்; அது கூடுதலாக இருப்பதாலேயே கட்டி இருக்கிறது என்று ஆகிவிடாது. உறுதிசெய்வது நிறமருந்து செலுத்தி எடுக்கும் சிடி ஸ்கேன். அந்த வசதி இல்லாத இடத்தில் இருந்தால், மேல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டுமா என்று மரியாதையோடு, ஆனால் தயங்காமல் கேளுங்கள். மாவுக்கட்டு, பிரசவம், கால்வீக்கம் போன்ற செய்தியை அவர் கேட்காவிட்டாலும் நீங்களே சொல்லுங்கள்.

ஏழாம் படி: வீடு திரும்பிய பின்

தசைப் பிடிப்போ விலாக் காயமோ என்று உறுதியானால், நெஞ்சைத் துணியால் இறுக்கிக் கட்டாதீர்கள். வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால், நுரையீரலின் அடிப்பகுதியில் சளி தேங்கி நிமோனியா வரும். மருத்துவர் தந்த வலிமாத்திரையை நேரத்துக்குச் சாப்பிட்டு, வலிக்கும் இடத்தில் ஒரு தலையணையை அணைத்துப் பிடித்துக்கொண்டு, விழித்திருக்கும்போது மணிக்கு ஒருமுறை ஆழ மூச்சிழுத்து இருமவும். முறிந்த விலா எலும்பு கூடுவதற்கு ஏறக்குறைய ஆறு வாரம் ஆகும்.

இரத்தம் உறையாமலிருக்க மாத்திரை கொடுத்திருந்தால் குறைந்தது மூன்று மாதம் தொடர வேண்டியிருக்கும். வலி நின்றுவிட்டது என்று இடையில் நிறுத்துவதுதான் பெரிய அபாயம். அத்தகைய மாத்திரைகளில் ஒன்றான வார்ஃபரின் சாப்பிடுபவர்கள் குறித்த நாளில் இரத்தம் பரிசோதிக்க வேண்டும். கீரையைத் திடீரென்று கூட்டவோ அறவே நிறுத்தவோ கூடாது. மருத்துவரைக் கேளாமல் வேறு வலிமாத்திரையோ நாட்டு மருந்தோ சேர்க்கக் கூடாது.

காசநோய் மருந்து இரு மாநிலங்களிலும் அரசு மருத்துவமனையில் இலவசம். வழக்கமாக ஆறு மாதம் சாப்பிட வேண்டும். சிகிச்சைக் காலத்தில் ஊட்டச்சத்துக்காக மத்திய அரசு தரும் தொகை 2024 நவம்பர் முதல் மாதம் 1000 ரூபாய் ஆகியிருக்கிறது. வேலைக்காக எல்லை தாண்டிக் குடிபெயர்ந்தால், புறப்படுவதற்கு முன் மருந்து வாங்கும் இடத்தில் சொல்லி, பதிவைப் புதிய ஊருக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அறுவடைக்குப் போன இடத்தில் மருந்து விட்டுப்போய்த் திரும்பியவர்களை நான் நிறையவே பார்த்திருக்கிறேன்.

நிமோனியா குணமானவர்களில் ஐம்பது வயதைக் கடந்தவர்களும் புகைபிடிப்பவர்களும் ஆறு வாரம் கழித்து இன்னொரு எக்ஸ்ரே எடுத்துப் பார்க்க வேண்டும், ஏனெனில் சில வேளைகளில் நிமோனியாவின் நிழலுக்குப் பின்னால் புற்றுக்கட்டி ஒன்று மறைந்திருக்கும். இதற்கிடையில் குத்தல் திரும்பினாலோ, மூச்சு முன்பைவிட அதிகமாக வாங்கினாலோ, புதிதாகக் காய்ச்சலோ கால்வீக்கமோ வந்தாலோ, அடுத்த பரிசோதனை நாள்வரை காத்திராமல் பழைய சீட்டுகளையும் படங்களையும் எடுத்துக்கொண்டு அன்றைக்கே கிளம்புங்கள்.